துத்தநாகத்தில் ஒரு சட்டை

“சரி சார்” என்று காலையில் தான் சொன்ன சொல்லைத் தவமணியால் இன்னும் விழுங்க முடியவில்லை. சொல்லி அரை நாள் ஆயிற்று. வெயில் பட்டறையின் தகரக் கூரையைக் காய்ச்சி முடித்து, மேற்குச் சன்னல் வழியே உள்ளே இறங்கி, மேசைமேல் கிடந்த துத்தநாகத் தகட்டின் ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சொல் மட்டும் கெண்டை முள்ளைப்போலத் தொண்டைக்குக் குறுக்கே நின்றது. ஐம்பது வயதில், தலை நரைத்த பிறகு, இருபது ஆண்டுகள் அமிலப் புகையை மூக்கால் குடித்த பிறகு, கேட்ட மாத்திரத்தில் சரி சொல்லும் வாய் எங்கிருந்து வந்தது? தொலைபேசியில் அவர் குரல் என்றும்போல் மென்மையாகத்தான் இருந்தது. கலைக்கூடம் நடத்தும் கீர்த்திவாசனின் குரல் ஒருபோதும் உயர்ந்ததில்லை. உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு நேர்ந்ததே இல்லை. “தவமணி, பிரமாதம். நேத்து ராத்திரி பூரா அந்தப் பிரிண்ட்டையே பாத்துண்டு இருந்தேன். நடவு நடற அந்தப் பொம்பளை, அந்த முதுகு, அந்தச் சேறு, என்ன ஒரு கோடு! ஒரே ஒரு சின்ன விஷயம். அவ போட்டுண்டு இருக்காளே, ஆம்பளைச் சட்டை, அது மட்டும் வேண்டாமே. கண்ணை உறுத்தறது. அது இல்லேன்னா ஆயிரம் வருஷத்து உழத்தி. அது இருந்தா நேத்திக்கு ஏதோ கடையில வாங்கின சட்டை. எடுத்துடலாம், இல்லையா? சாயங்காலம் டிரைவரை அனுப்பறேன், திருத்தின படியைக் குடுத்துடுங்கோ. சட்டையோட அனுப்பறதா இருந்தா அனுப்பவே வேண்டாம்மா. தப்பா எடுத்துக்காதீங்கோ, அப்புறம் அந்தச் சுவரை வேற யாருக்காவது குடுக்கும்படி ஆயிடும்.” அந்தச் சுவர் என்று அவர் சொன்னது தவமணியின் பெயரை மட்டும் தாங்கப்போகும் முதல் கண்காட்சியை. ஊரில் நடவு, களையெடுப்பு, அறுப்பு, போரடிப்பு என்று இத்தனை ஆண்டுகளாக அவள் தகடு தகடாகக் கீறி அச்செடுத்தவை அனைத்தும் அந்தச் சுவரில் ஏறவிருந்தன. அதற்கு அவர் சூட்டியிருந்த பெயர் ‘மண்ணின் மௌனம்.’ அதற்கும் அவள் சரி என்றுதான் சொல்லியிருந்தாள். மௌனமாம். படத்தில் குனிந்து நிற்பவள் அவளுடைய அக்காள் குஞ்சம்மாள். குஞ்சம்மாளுக்கும் மௌனத்துக்கும் ஏழாம் பொருத்தம். நாற்றுமுடியை அவிழ்ப்பதற்குள் அவள் அவிழ்த்துவிடும் ஊர்க்கதைகளைக் கேட்டு வரப்பு நண்டும் வளையைவிட்டு வெளியே வரும். அவளைப் பார்த்து மௌனம் என்கிறான். முதுகைப் பார்த்தவனுக்கு வாய் எங்கே தெரியும்?

சுரண்டியைக் கையில் எடுத்தாள். முப்பட்டை எஃகுக் கருவி. அதனால் தகட்டின் கோடுகளைச் சுரண்டி, மெருகுக்கோலால் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்தால், இருந்தது இல்லாததாகிவிடும். அந்தச் சட்டையின் கோடுகள் ஆழமில்லாதவை, நேர்த்திக்காக அமிலத்தில் இலேசாக அரிக்கவிடப்பட்டவை; ஒரு பிற்பகலில் ஒழித்துவிடலாம். சட்டை இருந்த இடத்தில் வெறும் தோளும் வெறும் கையும் வரையவேண்டும். வெறும் கை. சுரண்டியின் முனை காலர்மேல் நின்றது, நகரவில்லை. கீர்த்திவாசனுக்கு ஒரு கொள்கை உண்டு. கூட்டம் கூடுமிடமெல்லாம் அதைச் சொல்வார். “எட்சிங்லதான் சார் உழவன் உழவனா இருப்பான். ஆயில் பெயிண்ட்ல கொழுத்துப் போயிடுவான்.” எல்லாரும் சிரிப்பார்கள். தவமணியும் சிரித்திருக்கிறாள். அவள் இந்தக் கலைக்கு வந்தது உழவனை இளைக்கவைப்பதற்கன்று. கல்லூரியில் முதன்முதலாகத் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அதை அமிலத்தில் இட்டபோது, கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்குவதையும், அந்தப் பள்ளத்தில் மட்டும் மை தங்குவதையும், துடைக்கத் துடைக்க மேடெல்லாம் வெளுத்துப் பள்ளமெல்லாம் கறுத்து நிற்பதையும் கண்டு, இது நமக்குத் தெரிந்த வேலையாயிற்றே என்று அவளுக்குத் தோன்றியது. சேறும் பள்ளமும் நகக்கண்ணில் நிற்கும் கருப்பும் அவளுக்குப் புதியவையல்ல. வண்ணம் தீட்டினால் வயல் பச்சைப்பசேலென்று வந்து நிற்கும். பார்ப்பவன் பச்சையைத்தான் பார்ப்பான். கோட்டில் பச்சை இல்லை. கோட்டில் விரலிடுக்குச் சேற்றுப்புண் இருந்தது, கணுக்காலில் ஏறிய அட்டை இருந்தது, பீடி வாங்கப்போன மேஸ்திரி திரும்பி வருவதற்குள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்பவளின் கள்ளத்தனம் இருந்தது, மதியச் சோற்றுத் தூக்கில் கட்டெறும்பு ஏறாமலிருக்க அதைத் தண்ணீரில் மிதக்கவிடும் உபாயம் இருந்தது. இவையெல்லாம் ஆயிரம் வருஷத்துச் சங்கதிகளா? நேற்றைய சங்கதிகள். இன்றைய சங்கதிகள். நெல்தாளின் சுணை கையை அறுக்கும். வெயில் முதுகை உரிக்கும். ஆகவே புடைவைக்குமேல் ஆம்பளையின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெண்கள் வயலில் இறங்குகிறார்கள். தஞ்சைப் பக்கம் பேருந்தில் போகும் எவன் கண்ணுக்கும் இது தெரியும். கீர்த்திவாசன் காரில் போகிறவர். கண்ணாடி ஏற்றியிருக்கும். அவள் சுரண்டியை மேசைமேல் போட்டாள். போட்ட சத்தம் அவளுக்கே கூடுதலாகக் கேட்டது.

வார்னிஷ் புட்டியைத் திறந்தாள். சட்டையின் கோடுகளைச் சுரண்டி எடுக்கமுடியாத ஆழத்துக்கு அரிக்கவிட்டால் என்ன? அப்போது எந்தச் சுரண்டி வந்தாலும், எந்த மென்குரல் வந்தாலும், ஒன்றும் செய்ய முடியாது. தானே மனம் மாறிச் சரி சார் என்றாலும் தகடு சரி என்னாது. அந்த எண்ணம் வந்ததும் கை வேகம் கொண்டது. சட்டையைச் சுற்றி நாற்று, சேறு, புடைவைக் கொசுவம், வரப்பு, வானம் என எல்லாவற்றின்மேலும் வார்னிஷை அப்பினாள். அமிலம் தீண்டாதபடி எல்லாம் மூடின. சட்டை மட்டும் திறந்து, பளபளவென்று, தனியே கிடந்தது. காய்ந்தும் காயாததுமாகத் தகட்டைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சன்னலோரத்துப் பிளாஸ்டிக் தட்டில், நீர் கலந்த நைட்ரிக் அமிலத்துக்குள் இறக்கினாள். புகை மூக்கில் ஏறியது. குமிழிகளைத் தள்ளிவிடப் புறாவிறகை எடுத்துக்கொண்டு முக்காலியில் அமர்ந்தாள். அரிக்கட்டும். கழட்டு என்றால் கழட்டிவிட வேண்டும். எத்தனை மென்மையாகச் சொன்னாலும் அது கழட்டு என்ற சொல்தான். அந்தச் சொல்லை அவள் முதலில் கேட்டது இத்தனை மென்மையாக அன்று. பண்ணைக் காரியக்காரரின் குரலில், குடைக்கம்பை வரப்பில் ஊன்றி நின்றவரின் குரலில். ஆடி கழிந்த நடவு. அவள் பள்ளிக்கூடம் போகாமல் கரையில் உட்கார்ந்து நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அன்று அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கியிருந்தாள். காய்ச்சல் விட்டு எழுந்த உடம்பு, குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று. நடவு வரிசையில் வேறு எவளும் சட்டை போட்டிருக்கவில்லை. அப்போதெல்லாம் போடுவதில்லை, போடவிட்டதில்லை. “எவடி அவ, தொரசாணி? பண்ணை வயல்ல சட்டை மாட்டிக்கிட்டு எறங்கியிருக்கா? கழட்டிட்டு நடுறதுன்னா நடு. இல்லேன்னா கரையேறு.” வரிசை முழுதும் குனிந்தபடியே நின்றது. நடவு நடுபவர்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள். அந்தக் கணம் ஒருத்தியும் முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. அம்மா நிமிர்ந்தாள். ஈரக்கையைப் புடைவையில் துடைத்தாள். முதல் பொத்தானைத் தேடினாள். அதற்குமேல் தவமணிக்கு நினைவில்லை. சேற்றில் விழுந்த நத்தையைத் தேடுவதுபோல் எத்தனையோ முறை அந்த இடத்தில் கையைவிட்டுத் துழாவியிருக்கிறாள். பொத்தான்மேல் அம்மாவின் விரல், பிறகு ஒன்றுமில்லை, பிறகு வீட்டில் ஈயத்தட்டில் சோறு. சட்டை எங்கே போயிற்று? அம்மா அழுதாளா? ஊசி பிடித்து இத்தனை ஆண்டுகளில் அவள் ஒருமுறைகூட அதை வரைந்ததில்லை. வரைய முடியாதது கோபத்தாலா, கூச்சத்தாலா என்றும் அவளுக்குத் தெரியாது. அமிலத்துக்குள் ஏதோ வெண்மையாக அசைந்தது, இறகால் தடவிவிட்டாள், பார்வை அங்கே இல்லை.

கீர்த்திவாசன்மேல் கோபப்படுவது எளிது. முள்ளின் இன்னொரு நுனி குஞ்சம்மாளிடம் இருந்தது; அதைத்தான் பிடுங்க முடியவில்லை. போன பொங்கலுக்குத் தவமணி செல்பேசியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனபோது, படமெடுக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் அக்காள் செய்த முதல் காரியம் சட்டையைக் கழற்றி வரப்பில் வீசியதுதான். கழற்றி, முந்தானையை இழுத்துச் சொருகி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இப்ப எடுடி” என்றாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான். படமென்றால் சட்டை கழலும். அது வேலைக்கு உடுத்துவது, பார்வைக்கு உடுத்துவதன்று. தவமணி அந்தப் படத்தைப் பார்த்து வரையவில்லை. சட்டையோடு நின்றவளை மனத்திலிருந்து வரைந்தாள். அச்சிட்ட படியைச் செல்பேசியில் அனுப்பியபோது அக்காளின் குரல் பதிவாக வந்து சேர்ந்தது: “ஏண்டி தவம், ஒலகத்துல ஒனக்கு என் முதுகுதான் கெடச்சுதா? அதுவும் அந்தப் பீத்தச் சட்டையோட! லச்சணமா ஒரு நாக்காலியில ஒக்காரவச்சு வரஞ்சா ஒன் ஊசி ஒடஞ்சா போயிடும்?” அன்று சிரித்தாள். இன்று காலை கீர்த்திவாசன் பேசி முடித்தபின் அந்தக் குரல்தான் காதில் விழுந்தது. அக்காளும் அதையேதான் சொன்னாள். காரில் போகிறவரும் வேண்டாம் என்கிறார், போட்டுக்கொண்டிருப்பவளும் வேண்டாம் என்கிறாள். இடையில் நீ யாரடி, இழுத்து மாட்டிவிட? சென்னையில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து, அக்காள் கழற்றி எறிந்ததை அக்காள் உடம்பிலேயே அமிலம் ஊற்றி ஒட்டவைப்பவள்? தவமணிக்குக் காது சுட்டது. எரிச்சலில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அக்காளை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்நேரம் வேலைவிட்டு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருப்பாள், எடுக்கமாட்டாள், எடுக்காவிட்டால் நல்லது.

எடுத்துவிட்டாள். “என்னடி, இந்நேரத்துல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” பின்னால் பெண்களின் சிரிப்பும் நீர் சலசலப்பதும் கேட்டன. “ஒண்ணுமில்லக்கா. அந்தப் படம். சட்டையை எடுக்கச் சொல்றாங்க.” “எடுத்துட வேண்டியதுதானே! நாந்தான் அன்னைக்கே தலபாடா அடிச்சிக்கிட்டனே.” தவமணிக்குச் சினம் பொத்துக்கொண்டு வந்தது. “நீயும் அதையே சொல்லு. ஒனக்கு வெக்கமே இல்லையாக்கா? அம்மாவ அன்னைக்கு அந்தக் காரியக்காரன் கழட்டச் சொன்னது மறந்துபோச்சா? வயக்காட்டுல, அத்தன பேரு முன்னால?” எதிர்முனையில் சிரிப்பொலிகள் விலகின, குஞ்சம்மாள் வாய்க்காலைவிட்டு ஏறி எங்கோ தள்ளி நடக்கிறாள் போலும். “ஏண்டி, மறக்கிறதுக்கு நீ என்ன பாத்த? நீ கரையில கெடந்த. நான் அம்மா பக்கத்துல நின்னேன். கழட்டி எங்கையிலதான் குடுத்துச்சு. கீழ வச்சா சேறாயிடும், வரப்புல வச்சா அவன் மிதிப்பான். சும்மாடு மாதிரிச் சுருட்டித் தலைமேல வச்சுக்கிட்டேதான் அன்னைக்கு அந்த வேளை நடவு பூரா நட்டேன். ஒரு பொட்டுச் சேறு படல. இன்னைக்கும் கழுத்து வலிச்சா எனக்கு அந்தச் சட்டைதான் ஞாபகம் வரும். என்கிட்ட வந்து மறந்துட்டியாங்கிற.” இத்தனை ஆண்டுகள் சேற்றில் துழாவிய சட்டை அக்காளின் தலைமேல் இருந்திருக்கிறது. கேட்டால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. “அப்புறம் ஏங்க்கா போட்டோவுக்குக் கழட்டுற?” “நான் கழட்டுறேன். எனக்குப் புடிக்கல, கழட்டுறேன். எவனும் சொல்லிக் கழட்டல. அது வேற, இது வேற. ஆமா, எடுக்கச் சொன்னது யாரு? படம் மாட்டுறவனா?” “ஆமாக்கா.” “எதுக்காம்?” “அது இல்லாட்டி அழகா இருக்குமாம்.” குஞ்சம்மாள் காறித் துப்பும் ஓசை தெளிவாகக் கேட்டது. “அப்படின்னா கழட்டாத. அப்படியே கெடக்கட்டும். ஆனா ஒண்ணு, கைக்குப் பொத்தான் வச்சு வரை. ஒனக்குக் கண்ணு எங்க போச்சு, பொத்தான் அந்த எடத்துல அத்துப்போயி ரப்பர் பேண்டு மாட்டியிருக்கேன், அதையும் அச்சு அசலா வரஞ்சு தொலச்சிருக்க. ஊரே பாக்கிற படத்துல நான் என்ன போக்கத்தவளா? ரெண்டு கைக்கும் பொத்தான் வை, நல்லதா. வைக்கிறேன், அட்டை ஏறுது.” வைத்துவிட்டாள்.

செல்பேசியைக் கீழே வைத்தபோதுதான் தவமணி தட்டைப் பார்த்தாள். அமிலம் கோட்டை அரிக்கும்போது கோட்டின்மேல் மட்டும் நுண்குமிழிகள் ஓடி நிற்கும்; இருளில் எறும்புச் சாரை போலிருக்கும். இங்கே சாரை இல்லை. சட்டையின் பரப்பு முழுவதும் ஒரே நுரை. உலை கொதிப்பதுபோல் பொங்கிக்கொண்டிருந்தது. கோடுகளுக்கு இடையேயிருந்த மேட்டை அவள் மூடவேயில்லை. சுற்றுப்புறத்தை எல்லாம் பார்த்துப் பார்த்து மூடியவள், சட்டைக்குள் மெழுகை உருளையால் இலேசாக உருட்டி மேட்டை மூடிப் பள்ளத்தை மட்டும் திறந்துவிட வேண்டும் என்பதை, கல்லூரியில் முதல் ஆண்டு மாணவர் எவரும் தவறவிடாத அந்த ஒன்றை, கோபத்தில் விட்டுவிட்டிருந்தாள். பள்ளமும் மேடும் சேர்ந்தே கரைந்துகொண்டிருந்தன. கையுறையில்லாத கையை உள்ளேவிட்டுத் தகட்டை வெளியே இழுத்தாள், விரல் சுரீரென்றது, குழாயடியில் பிடித்தாள், வார்னிஷைத் துடைத்தாள், மை தடவி, மல்துணியால் துடைத்து, ஈரக்காகிதத்தை விரித்து, கம்பளியைப் போர்த்தி, அச்சுப்பொறியின் சக்கரத்தை நெஞ்சால் தள்ளிச் சுற்றினாள். காகிதத்தை உரித்தபோது வாய்விட்டு வைதாள். யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சட்டை போயிருந்தது. மேடு சரிந்துவிட்டபடியால் மை தங்க இடமின்றி, அந்தப் பரப்பு முழுதும் வெளிறி, ஓரத்தில் மட்டும் ஒரு கருவிளிம்போடு நின்றது. வெறும் தோள். வெறும் கை. கீர்த்திவாசன் கேட்டது அட்சரம் பிசகாமல் வந்திருந்தது. சுரண்டியால் செய்ய மறுத்ததை அமிலத்தால் செய்து கொடுத்திருக்கிறாள். வாயால் சொன்ன ‘சரி’யைக் கையும் சொல்லிவிட்டது. அழகாகக்கூட இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாதிருந்தது: அழகாக இருந்தது, ஆயிரம் வருஷத்து உழத்தி ஒருத்தி, கூலியும் பேரும் இல்லாமல், மூடுபனியில் குனிந்து நின்றாள், எந்தச் சுவரிலும் மாட்டலாம்.

வாசலில் கார் வந்து நின்ற ஓசை கேட்டது. “மேடம், மோசஸ். சார் அனுப்பினாரு.” “இருங்க” என்றாள். அந்தச் சொல் கதவில் மோதித் திரும்பியது. மெழுகுமில்லை, அமிலமுமில்லை, இனி எதன் இடையீடும் தேவையில்லை. தடித்த எஃகூசியை எடுத்து, அரிபட்டுச் சொரசொரத்த துத்தநாகத்தின்மேல் நேரே ஊன்றினாள். வெறும் உலோகத்தை உழுவதற்குத் தோளின் வலு வேண்டும். ஊசி வழுக்கும், முரண்டும், திடீரென்று பாயும். கோட்டின் இருபுறமும் உலோகம் சால் ஓட்டிய மண்போல மேடிட்டு எழும்பும். அந்த மேட்டில் சிக்கும் மை, அமிலக் கோடு ஒருநாளும் தராத கருப்பைத் தரும். சில படிகளுக்குமேல் அந்த மேடு தாங்காது என்பதும் அவளுக்குத் தெரியும். தாங்கவேண்டியதில்லை, இன்றைக்குத் தாங்கினால் போதும். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, நூல் நூலாக, இழை இழையாக நெய்தாள். காலரை நெய்தாள். தோள்மூட்டுத் தையலை நெய்தாள். அக்காளின் முதுகில் வியர்வை ஒட்டிக்கொள்ளும் இடத்தில் ஊசியை அழுத்தி, ஒட்டாமல் காற்றுப் புகுந்து உப்பும் இடத்தில் தளர்த்தினாள். அவர் சொல்லட்டும், கண்ணை உறுத்துகிறது என்று, உறுத்தத்தான் நெய்கிறேன். சுவரை வேறொருவருக்குக் கொடுக்கட்டும். கொடுக்கத்தான் போகிறார், இருபது ஆண்டு உழைப்பு பரண்மேல் ஏறும், அதை நினைத்தும் ஊசி நிற்கவில்லை. மணிக்கட்டுக்கு வந்தாள். ரப்பர் பேண்டு அரிபட்டு மறைந்திருந்தது. உண்மையில் அங்கே இருந்தது ரப்பர் பேண்டு, கண்டதைக் கண்டபடி வரைவதே தன் நேர்மை என்று இந்நாள்வரை எண்ணியிருந்தவள், ஒரு மூச்சு நின்று, பிறகு அந்த இடத்தில் ஒரு சிறு வட்டம் கீறினாள், வட்டத்துக்குள் நான்கு துளைகள், துளைகளுக்கிடையே நூல். மறு கைக்கும் ஒன்று. நல்லதாக.

மறுபடி மை. மறுபடி துணி. கம்பளி, சக்கரம். உரித்தெடுத்த காகிதத்தில் சேறும் நாற்றும் சாம்பல் நிறத்துக்குப் பின்வாங்க, சட்டை மட்டும் கருகருவென்று, ஆட்டுமயிர்போல அடர்ந்து, முன்னே வந்து நின்றது. படத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதான், கடைசியில் கண்ணைவிட்டுப் போவதும் அதுதான். தவமணி அதை நெடுநேரம் பார்க்கவில்லை. ஓர் அட்டையில் கிடத்தி, மேலே எதுவும் மூடாமல், இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனாள். காரின் பின்கதவைத் திறந்து வைத்திருந்த மோசஸ் எட்டிப் பார்த்து, காலையில் கார் ஓட்டும்போது தன் காதில் விழுந்த பேச்சையும் படத்தையும் ஒப்பிடுபவரைப்போலப் புருவத்தை நெரித்தார். “மேடம், சார் சட்டை வேணாம்னு சொன்ன மாதிரி இருந்துச்சே. கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?”

“இன்னும் காயலன்னு சொல்லுங்க” என்றாள் தவமணி. “கை வைக்க வேணாம்னு சொல்லுங்க.”